இழந்து பெற்ற எளிமை

ஜீலம் நகரில் 1882-இல் பிறந்த சிவராம் காசியப், மருத்துவம் பயின்றபின் தாவரவியலைத் தழுவினார். கேம்பிரிட்ஜில் கற்றுத் திரும்பி, லாகூர் அரசுக் கல்லூரியில் பேராசிரியராய் விளங்கினார். இமயமும் திபெத்தும் நடந்து செடிகள் தொகுத்த அவர் நெஞ்சைக் கவர்ந்தவை, ஈரப் பாறையில் தட்டையாய்ப் படர்ந்து, பூவும் விதையுமின்றி வாழும் ஈரலுருத் தாவரங்கள்.

எளிய உடலுடைய இனமே இவற்றுள் மூத்தது என்று அறிஞர் பலர் கொண்டிருந்தனர். இமயத்தில் தாம் கண்டறிந்த புதிய பேரினங்களைச் சான்றாக்கிக் காசியப் அதனை மறுத்தார். நிறைந்த அமைப்புடைய முன்னோரிலிருந்து, உறுப்புகளைச் சிறுகச் சிறுக இழந்தே அவை எளிமை எய்தின என்பது அவர் துணிபு.

அவரது பெருநூல் 1929-இலும் 1932-இலும் இரு பகுதிகளாய் வெளிவந்தது. 1934-இல் அவர் மறைந்தார். ரிக்சியா போன்றவற்றின் எளிமை இழப்பால் வந்ததே எனப் பிற்கால மரபணு ஆய்வுகளும் காட்டின.