கீரைத் தோட்டத்து ராட்சத நத்தை இந்தியாவுக்கு வந்தது எப்படி? யார் இந்த வில்லியம் பென்சன்?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாங்கிய கீரைக்கட்டைப் பிரிக்கும்போது நத்தை தட்டுப்படுவது புதுசு இல்லை. சின்ன நத்தை என்றால் உதறிவிட்டுப் போய்விடலாம். உள்ளங்கை நீளத்துக்கு, பழுப்புக் கோடு போட்ட கூம்பு ஓட்டோடு இருந்தால் கொஞ்சம் கவனிக்கணும். அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. அது இந்தியாவுக்கு வந்ததற்குக் காரணம், நத்தைகளை உயிராக நேசித்த ஒரு மனிதர்.

யார் இவர்?

வில்லியம் ஹென்றி பென்சன் 1803-ல் பிறந்தவர். வங்காளத்தில் கிழக்கிந்திய கம்பெனியின் சிவில் அதிகாரி. ஆபீஸ் வேலை போக மிச்ச நேரமெல்லாம் நத்தை ஓடுகள்தான். இந்தியாவின் ஏராளமான நிலநத்தைகளுக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் இவரே. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் அழகான 'இந்திரெல்லா ஆம்புல்லா' நத்தையை 1850-ல் விவரித்ததும் அவர்தான்.

1847-ல் நடந்தது என்ன?

மொரீஷியஸிலிருந்து கல்கத்தா வந்த பென்சன், கையோடு இரண்டு ராட்சத நத்தைகளை உயிரோடு கொண்டுவந்தார். அவை சௌரங்கி பகுதியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அவ்வளவுதான்.

இந்த நத்தைக்கு ஆண், பெண் உறுப்பு இரண்டும் ஒரே உடலில் உண்டு. ஒரே தடவையில் நூற்றுக்கும் மேல் முட்டை போடும். வாழை, பப்பாளி, கீரை என எதையும் விடாது. கல்கத்தாவைத் தாண்டி நாடு முழுக்கப் பரவி, 1900 வாக்கில் இலங்கையையும் எட்டியது. நத்தைகளைப் பற்றி அன்றைக்கு இந்தியாவில் அவர் அளவுக்குத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு என்பதுதான் இதில் உறுத்துகிற விஷயம்.

தீவுகளில் அழிவு

வேறு கைகள் வழியாக இதே நத்தை பசிபிக் தீவுகளுக்கும் போனது. அங்கே அதை ஒழிக்க, நத்தையைத் தின்னும் இன்னொரு நத்தையை இறக்கினார்கள்: அமெரிக்காவின் 'ஓநாய் நத்தை'. ஹவாயில் 1955, தஹிதியில் 1974, மூரியாவில் 1977. ராட்சத நத்தையை அதனால் ஒழிக்க முடியவில்லை. அந்தத் தீவுகளுக்கே உரிய குட்டி 'பார்ட்டுலா' நத்தைகளைத்தான் அது தின்று தீர்த்தது. ரையாட்டியா தீவில் மட்டுமே இருந்த 'பார்ட்டுலா டர்ஜிடா' இனத்தில் கொஞ்சத்தை மீட்டு லண்டன் உயிரியல் பூங்காவில் வளர்த்தார்கள். ஒட்டுண்ணித் தொற்று விடவில்லை. கடைசி நத்தை 1996 ஜனவரியில் அங்கேயே செத்தது.

பென்சன் 1870-லேயே காலமாகிவிட்டார்.

வீட்டில் செய்ய வேண்டியது

இந்த நத்தை, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் எலி நுரையீரல் புழுவைச் சுமக்கும். வெறுங்கையால் தொடாதீங்க, கீரையை நல்லா கழுவி வேகவைத்தே சாப்பிடுங்க.