ஓசையின் வேர் தேடியவர்

நுழையும்முன்

இயந்திரம் தன் குறையை ஓசையால் உணர்த்துகிறது. தட்டல், உரசல், கடகடப்பு என ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தைக் கண்டறிந்து களைவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் ஹென்றி ராய்ஸ். உழைப்பால் உயர்ந்த அப்பொறியாளரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வறுமையில் கழிந்த இளமை

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அருகிலுள்ள ஆல்வால்டன் என்னும் சிற்றூரில் 1863ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் ராய்ஸ் பிறந்தார். ஐந்து குழந்தைகளுள் அவரே இளையவர். மாவு ஆலை நடத்திவந்த தந்தை தொழிலில் நொடித்துப்போகவே, குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தது. ராய்ஸின் ஒன்பதாம் வயதில் தந்தை மறைந்தார். நாளிதழ் விற்றும், தந்திகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தும் சிறுவன் ராய்ஸ் பொருளீட்ட நேர்ந்தது. பள்ளிக்கல்வி அவருக்கு மிகச் சிறிதே வாய்த்தது.

பின்னர் உறவினர் ஒருவரின் பொருளுதவியால் பீட்டர்பரோ இரயில்வே பணிமனையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். அவ்வுதவி இடையிலேயே நின்றதால் பயிற்சியை முடிக்க இயலவில்லை. ஆயினும், அங்கே கற்ற கைத்திறனைக் கொண்டு லீட்ஸிலும் இலண்டனிலும் பணியாற்றினார். மின்னியலையும் கற்றுத் தேர்ந்தார். 1884இல் நண்பர் கிளேர்மாண்ட்டுடன் இணைந்து மான்செஸ்டர் நகரில் சிறு தொழிற்கூடம் தொடங்கினார். அழைப்பு மணிகளும் மின்னாக்கிகளும் பாரந்தூக்கிகளும் அங்கு உருவாயின. பணியில் மூழ்கிவிட்டால் உணவையும் மறந்துவிடுவது அவர் இயல்பு.

பழைய மகிழுந்து கற்பித்த பாடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சு நாட்டில் உருவான ‘டெகோவில்’ என்னும் பழைய மகிழுந்து ஒன்றை ராய்ஸ் வாங்கினார். அக்காலத்து மகிழுந்துகள் பேரோசையுடனும் அதிர்வுடனும் ஓடின. அது அவற்றின் இயல்பு என்றே பலரும் கருதினர். ராய்ஸின் செவிகளோ அதை ஏற்கவில்லை. வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றி ஆராய்ந்தார். இரு பற்சக்கரங்கள் செம்மையாகப் பொருந்தாவிடில் அவற்றின் பற்கள் மோதி இரைச்சலிடும். வால்வுக்கும் அதைத் தூக்கும் உறுப்புக்கும் இடையே இடைவெளி மிகுந்தால் இடைவிடாத தட்டல் எழும். தாங்கிகள் தேய்ந்தால் சுமை ஏறுந்தோறும் ஆழ்ந்த இடியோசை கேட்கும். ஆகவே, ஓசையை அடக்க வேண்டுமாயின் உறுப்புகளின் அளவைத் திருத்த வேண்டும் என்பது அவரது முடிவாயிற்று.

அம்முடிவின்படி புதிய மகிழுந்து ஒன்றைத் தாமே உருவாக்கினார். 1904ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் அவ்வண்டி முதன்முதலாகச் சாலையில் ஓடியது. மே 4ஆம் நாள், மகிழுந்து விற்பனையில் ஈடுபட்டிருந்த சார்லஸ் ரோல்ஸ் மான்செஸ்டரில் ராய்ஸைச் சந்தித்தார். இரண்டு சிலிண்டர் வண்டிகள் அதிரும் தன்மையன என எண்ணியிருந்த அவரை, ராய்ஸின் வண்டி வியப்பில் ஆழ்த்தியது. இருவரும் இணைந்தனர். ‘ரோல்ஸ்-ராய்ஸ்’ என்னும் பெயர் பிறந்தது.

அதிர்வின் காரணம்

ஆறு சிலிண்டர் வண்டியை உருவாக்கியபோது கடினமான இடர் ஒன்று எதிர்ப்பட்டது. பிஸ்டன்களின் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் ‘கிராங்க்’ தண்டு முறியத் தொடங்கியது. ஆறு சிலிண்டர்களுக்காக நீண்டிருந்த அத்தண்டு, ஒவ்வொரு வெடிப்பின்போதும் சற்றே முறுக்கேறித் தளர்ந்தது. ஊஞ்சலை உரிய நேரத்தில் மீண்டும் மீண்டும் தள்ளினால் அதன் வீச்சு பெருகும் அல்லவா? அதுபோல, குறிப்பிட்ட ஒரு சுழற்சி வேகத்தில் வெடிப்புகளின் தாளமும் தண்டின் இயல்பான அதிர்வும் ஒன்றுபட, நடுக்கம் பெருகித் தண்டு முறிந்தது.

குறையை அறிந்த ராய்ஸ் வடிவமைப்பை மாற்றினார். தண்டைத் தடிமனாக்கி, ஏழு தாங்கிகளில் அமர்த்தினார். மும்மூன்று சிலிண்டர்களை ஒரே வார்ப்பாகச் செய்தார். உராய்வினால் நடுக்கத்தைத் தணிக்கும் சக்கரத்தையும் பயன்படுத்தினார். இவ்வாறு உருவான வரிசையின் புகழ்பெற்ற வண்டிக்கு ‘சில்வர் கோஸ்ட்’ எனப் பெயரிட்டனர். வெள்ளிநிறம் பூண்டு, ஆவிபோல் அரவமின்றிச் சென்றதால் அப்பெயர் பொருந்திற்று.

1907ஆம் ஆண்டு அவ்வண்டி 15,000 மைல் தொலைவு சோதனை ஓட்டத்தில் ஈடுபட்டது. 629ஆம் மைலில், சாலையின் குலுக்கலால் பெட்ரோல் குழாயின் திருகு தானே மூடிக்கொள்ள, வண்டி ஒரு நிமிடம் நின்றது. அதன்பின் எஞ்சிய 14,371 மைல்களையும் பழுதின்றிக் கடந்தது. பின்னர் உறுப்புகளைக் கழற்றி அளந்தபோது, தேய்ந்தவற்றை மாற்ற ஏறத்தாழ இரண்டு பவுண்டே போதுமானதாயிருந்தது.

நோயிலும் தளராத உழைப்பு

1910இல் ரோல்ஸ் வானூர்தி விபத்தில் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே, ஓய்வறியா உழைப்பும் முறையற்ற உணவும் ராய்ஸை நோயில் வீழ்த்தின. இயந்திரங்களின் சிறு முனகலையும் கேட்டறிந்தவர், தம் உடல் விடுத்த எச்சரிக்கையைக் கேளாதிருந்துவிட்டார். அறுவை சிகிச்சைக்குப்பின் அவர் நெடுநாள் வாழ்வது அரிது எனக் கருதப்பட்டது. எனினும் மேலும் இருபது ஆண்டுகள் அவர் உழைத்தார். தொழிற்கூடத்திலிருந்து விலகி, தென் பிரான்சிலும் பின்னர் இங்கிலாந்தின் கடலோரச் சிற்றூரான வெஸ்ட் விட்டரிங்கிலும் தங்கி, வரைபடங்கள் வாயிலாகவே பணிகளை வழிநடத்தினார். சோதனை வண்டிகள் அவர் இருப்பிடத்திற்கே ஓட்டிவரப்பட்டன.

1915இல் ‘ஈகிள்’ வானூர்தி எஞ்சின் உருவானது. 1919இல் ஆல்காக், பிரவுன் இருவரும் அட்லாண்டிக் பெருங்கடலை இடைநில்லாது பறந்து கடந்தபோது, அவர்களது வானூர்தியில் இயங்கியவை இரண்டு ஈகிள் எஞ்சின்களே. பின்னாளில் உருவான ‘ஆர்’ எஞ்சினை முழு விசையில் இடையறாது ஓட்டுவர். ஏதேனும் ஓர் உறுப்பு முறிந்தால் அதன் காரணத்தை ஆராய்ந்து, வலுவான உறுப்பைப் பொருத்தி மீண்டும் ஓட்டுவர். அந்த எஞ்சின் பொருத்திய வானூர்தி 1931இல் மணிக்கு 400 மைலுக்கும் மிகுந்த வேகத்தில் பறந்தது.

1930இல் அரசு அவருக்குப் ‘பேரனட்’ பட்டம் அளித்துச் சிறப்பித்தது. அப்போதும் தம்மை ஒரு தொழிலாளியாகவே அவர் கருதினார். 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் வெஸ்ட் விட்டரிங்கில் மறைந்தார்.

பிறர் இயல்பெனப் பழகிப்போன இரைச்சலைக் குறையென உணர்ந்ததும், அதன் வேரைக் கண்டு திருத்தும்வரை ஓயாததுமே ராய்ஸின் பெருமை. எத்தொழிலைக் கைக்கொள்வோருக்கும் அவர் விட்டுச்சென்ற பாடம் அதுவே.