கொடைக்கானலில் மாண்டிசோரி அம்மையார்

பெரியகுளத்தில் நின்று வடக்கே நோக்கினால் வானளாவி நிற்கிறது கொடைக்கானல் மலை. தேனி, கம்பம், கொடைக்கானல் யாவும் ஒரே மதுரை ஜில்லாவாக இருந்த காலத்தில், அம்மலைமீது உலகப் புகழ் பெற்ற மூதாட்டி ஒருவர் வாழ்ந்தார். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

இத்தாலியில் 1870-ஆம் ஆண்டு பிறந்த இவர், 1896-இல் ரோமாபுரியில் வைத்தியப் பட்டம் பெற்றார். பெண் டாக்டர்கள் மிக அரிதாயிருந்த காலம் அது. 1907-இல் அந்நகரின் ஏழைத் தொழிலாளர் பகுதியில், சின்னஞ்சிறார்களுக்கென ஓர் இல்லத்தைத் திறந்தார்.

அங்கே ஒரு விளையாட்டு உண்டு. நீண்ட மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றில் பொருந்தப் பத்து உருளைகள். ஒன்றை இடம் மாற்றி வைத்தால், கடைசியில் ஓர் உருளை தன் குழியில் பொருந்தாது. ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை, பிரம்புக்கும் வேலையில்லை. தவறைக் கட்டையே காட்டிவிடும். குழந்தை தானே திருத்திக்கொள்ளும்.

1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, தம் 69-ஆம் வயதில் சென்னை அடையாறுக்கு வந்தார் அம்மையார். மறு ஆண்டே இத்தாலி யுத்தத்தில் குதித்தது. பிரிட்டிஷ் சர்க்காருக்கு அவர் பகைநாட்டுப் பிரஜையானார். அவருடன் வந்த மரியோ அகமத்நகர் முகாமில் காவலில் வைக்கப்பட்டார். மரியோ அவர் பெற்ற மகன். ஆயினும் மணமாகாமல் பெற்றதால், உறவினர் என்றே உலகுக்குச் சொல்லிவந்தார். அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளன்று, மகன் என்றே குறிப்பிட்டு மரியோவை விடுதலை செய்தது சர்க்கார். அந்தத் தாய்க்கு அதைவிடப் பெரிய பரிசு ஏது?

1942 முதல் 1944 வரை கொடைக்கானல் வாசம். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் பயின்றனர். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோருக்கான கல்வி முறை அம்மலையில்தான் விரிவாக வளர்ந்தது. செடிகொடிகளும் பூச்சிகளுமே அவர்களுக்குப் பாடப் புத்தகங்கள்.

1952-இல் ஹாலந்தில் அம்மையார் காலமானார். சிறுவர் கணினியில் விளையாடும் காலத்தை அவர் காணவில்லை. ஆனால் சுவிட்சர்லாந்து மாண்டிசோரி சங்கத்துக்குத் தலைமை வகித்த அறிஞர் பியாஜேயிடம் பணிபுரிந்தவர் சீமோர் பேப்பர்ட். அவரும் தோழர்களும் 1967-இல் அமெரிக்காவில் சிறுவர்க்கென லோகோ என்னும் கணினி மொழியை ஆக்கினர்.

இன்று கம்பம் பள்ளத்தாக்கின் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணினியில் ஒரு விளையாட்டு அமைக்கிறாள் என்று கொள்வோம். மேலிருந்து திராட்சை விழ வேண்டும். கூடை நகர்ந்து பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு புள்ளி கூட வேண்டும். கட்டளை ஒன்று தவறினால் கூடை நகராது. அல்லது புள்ளி ஏறாது. யாரும் ஏசவில்லை, மதிப்பெண் குறையவில்லை. எங்கே பிசகு என்று அவளே தேடுகிறாள்; திருத்துகிறாள்; மீண்டும் ஓட்டிப் பார்க்கிறாள்.

மரக்கட்டை போய்க் கணினித் திரை வந்தது; பாடம் மாறவில்லை. பிழை செய்ய அஞ்சும் பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்லும். அஞ்சாத பிள்ளையே புதியதைப் படைக்கும். கற்றுக்கொடுக்கக் கணினி மட்டும் போதாது. பிள்ளை பிழை செய்யும்போது பொறுத்திருக்கும் ஆசிரியரும் வேண்டும்.