மாசக் கடைசி பொருளாதாரத்தைச் சிரிச்சுக்கிட்டே சொன்ன கலைவாணர்!

சம்பளம் கிரெடிட் ஆன மெசேஜ் வந்த அன்னிக்கு பிரியாணி. இருபதாம் தேதி தாண்டினா பேலன்ஸ் பார்க்கவே பயம். உங்க கதைதானே? இதை 1955-லேயே பாட்டாப் பாடி தியேட்டரைச் சிரிக்கவெச்சவர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். வீட்டில் வறுமை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் நடிகர் ஆனார். 1936-ல் `சதி லீலாவதி' படத்தில் நடித்தார். பிறகு டி.ஏ.மதுரத்தோடு ஜோடி சேர்ந்தார். நிஜ வாழ்க்கையிலும் அதே ஜோடிதான்.

அடுத்தவரை அடிப்பது, உருவத்தைக் கிண்டல் பண்ணுவது இல்லாமலே சிரிக்கவைக்க முடியும்னு காட்டினவர் அவர். சிரிப்புக்குள்ளே ஒரு விஷயத்தை ஒளிச்சு வெச்சிருப்பார். அதில் முக்கியமானது, காசு.

1952-ல் அவர் இயக்கிய படத்தின் பெயரே `பணம்'. சிவாஜி நடித்த படம். விஸ்வநாதன் - ராமமூர்த்தி ஜோடியாக இசையமைத்த முதல் படமும் அதுதான். அதில் காணாமல்போன ஆளைத் தேடுற மாதிரி பணத்தைத் தேடி ஒரு பாட்டு பாடுவார். கஞ்சன் கை, கறுப்பு மார்க்கெட், கிண்டி ரேஸ், கோயில் உண்டியல், தேர்தல்னு ஒவ்வொரு இடமா விசாரிப்பார். ஜனங்க சிரிச்சாங்க. ஆனா, பணம் ஒரே இடத்தில் பதுங்கினா மத்தவங்க பாக்கெட் காலியாகும்ங்கிற பாடம் அதுக்குள்ளே இருந்தது. இன்னிக்குப் பொருளாதார வகுப்பில் பணப்புழக்கம்னு சொல்லித் தர்றது இதைத்தான்.

மூணு வருஷம் கழித்து `முதல் தேதி'. மாசத்தின் முதல் இருபது நாள் எப்படி, கடைசிப் பத்து நாள் எப்படின்னு ஒரே பாட்டில் போட்டு உடைச்சார். வரவு ஒரு நாள், செலவு முப்பது நாள். குடும்ப பட்ஜெட்டின் மொத்தச் சிக்கலும் அவ்வளவுதான்.

நீங்க தெள்ளார் பக்கம், ஆரணிப் பட்டு நெய்யும் தறி வீட்டுப் பிள்ளையா? உங்க வீட்டில் முதல் தேதியே கிடையாது. புடவையை நெய்து கொடுத்தாத்தான் கூலி. ஆனா பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் மாசம் பிறந்தா கணக்கு முடிக்கணும். அப்போ அந்தப் பாட்டு உங்களுக்கு இன்னும் ஒரு மடங்கு அதிகமாவே பொருந்தும்.

சரி, பாடம் எடுத்தவர் தன் காசை எப்படி வெச்சிருந்தார்?

1944-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரோடு இவரும் கைதானார். உச்சத்தில் இருந்த நடிகருக்கு ஒரே நாளில் வருமானம் நின்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1947-ல்தான் நிரபராதின்னு விடுதலை. அதுக்குள்ளே இரண்டு வருஷத்துக்கும் மேல் சிறை.

வெளியே வந்து மறுபடியும் சம்பாதித்தார். கேட்டு வந்தவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். தனக்குன்னு எடுத்துவைக்கத்தான் தெரியலை. கடைசிக் காலத்தில் பணக் கஷ்டம். 1957 ஆகஸ்ட் 30 அன்று இறந்தபோது வயது 48. 1969 ஜனவரியில் சென்னை தி.நகரில் அவர் சிலையை முதல்வர் அண்ணா திறந்துவைத்தார்.

அவர் கணக்கில் தோத்துட்டாரா? கொடுத்ததை அவர் செலவுன்னே நினைக்கலை. அதைத் தப்புன்னு சொல்ல நமக்கு மனசு வராது. ஆனா வருமானம் எந்த நாளும் நிக்கலாம்ங்கிறது அவர் வாழ்க்கையிலேயே நடந்தது. ஆறு மாசச் செலவுக்கான காசைத் தனியா எடுத்துவைங்கன்னு இன்னிக்கு நிதி ஆலோசகர்கள் சொல்றது அந்த நாளுக்காகத்தான்.

அடுத்த சம்பளமோ கூலியோ வந்ததும் மூணு பங்கு போடுங்க. ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு அவசரத்துக்கு. சின்னதா ஒண்ணு, கேட்டு வர்றவங்களுக்கு. அந்த மூணாவது பங்கு கலைவாணர் கணக்கு!