உழவன் மகனும் காளைச் சின்னக் காரும்

ஈப்போ பக்கம் எப்போதாவது ஒரு உயரமான கார், முகப்பில் காளைச் சின்னத்தோடு உறுமிக்கொண்டு போகும். நம்ம பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்து, லம்போர்கினி உருஸ் என்று பேரைச் சொல்லிவிடுவார்கள். ஆள் ஜீப்பு மாதிரி உயரம். ஓட்டமோ பந்தயக் கார் ஓட்டம். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட நாலு வினாடிகூட வேண்டாம். விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். ஆனால் அந்தப் பேருக்குரிய மனிதர் கோடீசுவரன் வீட்டில் பிறந்தவர் அல்ல, மண்ணைக் கொத்திப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை. தோட்டத்து மக்கள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இந்த வாரம் அவர் கதையைச் சொல்கிறோம்.

ஃபெருச்சியோ லம்போர்கினி 1916 ஏப்ரல் 28ஆம் தேதி வட இத்தாலியில் ரெனாட்சோ என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் திராட்சை பயிரிட்ட உழவர்கள். பையனுக்கோ கொடியை விட இயந்திரத்தின் மேல்தான் கண். தொழிற்பள்ளியில் படித்தார். போர் வந்ததும் விமானப் படையில் சேர்த்து ரோட்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே பட்டாளத்து வண்டிகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. 1945இல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போக, இவரும் கைதியானார். விடுதலையாகி ஊர் திரும்பி, ஒரு பட்டறை வைத்தார். 1947இல் மனைவி பிள்ளைப்பேற்றில் இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற மனிதர் அவர்.

அந்த நேரம் இத்தாலி முழுக்கப் போரில் கழித்துப்போட்ட பழைய வண்டிகள் கிடந்தன. உழவனுக்கோ டிராக்டர் வேண்டும், காசு இல்லை. ஃபெருச்சியோ பழைய மோரிஸ் என்ஜின்களைக் கழற்றி டிராக்டர் கட்டினார். பெட்ரோல் விலை அதிகம் என்பதால், பெட்ரோலில் கிளப்பி, பிறகு மலிவான டீசலில் ஓடும்படி ஒரு கருவியும் சேர்த்தார். இதில்தான் அவருடைய மூளை தெரிகிறது. 1948இல் டிராக்டர் கம்பெனியே தொடங்கிவிட்டார். செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் டிராக்டரை நாள்தோறும் பார்க்கிற நமக்கு, அந்தப் பேர் இன்றும் இத்தாலிய டிராக்டர்களில் இருக்கிறது என்பது புதுச் செய்தியாக இருக்கலாம்.

பணம் சேர்ந்ததும் ஃபெராரி கார் வாங்கினார். அதன் கிளட்ச் சரியில்லை என்று ஃபெராரி முதலாளியிடமே போய்ச் சொல்ல, டிராக்டர்காரனுக்குக் கார் என்ன தெரியும் என்கிற மாதிரி அவர் பேசிவிட்டார் என்று சொல்வார்கள். ரோஷத்தில் 1963இல் சான்ட் ஆகாட்டா என்ற ஊரில் கார்த் தொழிற்சாலை எழுந்தது. நம்மைத் தொடும் சங்கதி இங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்த அந்த ஊர் நிர்வாகம், வேலையாட்கள் தொழிற்சங்கத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. முதலாளி ஒத்துக்கொண்டார். 1966இல் வந்த மியூரா கார் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

1970களின் தொடக்கத்தில் சறுக்கல். பொலிவியா நாடு கொடுத்திருந்த பெரிய டிராக்டர் ஆர்டர், அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் ரத்தானது. சங்கம் இருந்ததால் நினைத்த மாத்திரத்தில் ஆட்களை நிறுத்த முடியவில்லை. 1972இல் கார்க் கம்பெனியில் பெரும்பங்கை விற்றார், டிராக்டர் தொழிலும் கைமாறியது; 1974இல் மிச்சப் பங்கையும் விற்றுவிட்டு அம்ப்ரியாவில் நிலம் வாங்கித் திராட்சை போட்டார். 1993 பிப்ரவரி 20ஆம் தேதி, 76 வயதில் இறந்தார். உழவனாகத் தொடங்கி உழவனாக முடிந்தார் என்று புகழ்வார்கள். புகழட்டும். அவருக்குத் திரும்பிப் போக மண் இருந்தது. பட்டறையில் நின்றவனுக்கு எது இருந்தது என்று நாங்கள் கேட்போம்.

அதற்குப் பிறகு முதலாளி மாறிக்கொண்டே இருந்தார். 1978இல் கம்பெனி திவால். 1980களில் மிம்ரான் சகோதரர்கள். 1987இல் அமெரிக்காவின் கிரைஸ்லர். 1994இல் இந்தோனேசியர்களின் மெகாடெக். அதில் நம்ம மலேசியாவின் மைகோம் நிறுவனமும் பங்கு எடுத்தது! 1998இல் ஜெர்மனியின் ஆடி கம்பெனி வாங்கியது. 1950களிலும் 60களிலும் ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதைப் பார்த்த நம்ம பெரியவர்களுக்கு இது விளங்கும். தோட்டம் கைமாறும், லயத்தில் இருப்பவனுக்குக் கடைசியில்தான் தெரியும். அதனால்தானே சுங்கை சிப்புட் சம்பந்தன் 1960இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டு, பாட்டாளிகளின் சந்தாவிலேயே தோட்டம் வாங்கினார்.

லம்போர்கினி பேரில் முதல் ஜீப்பு வகைக் கார் 1986இல் வந்தது. பேர் எல்.எம்.002. முந்நூறு சொச்சம்தான் செய்தார்கள். மணலில் ஓட அதற்கென்றே பிரெல்லி கம்பெனி தனி டயர் செய்தது. (பால் வெட்டிய குடும்பத்துக்கு டயர் என்றால் காது நிமிரத்தானே செய்யும்!) உருஸ் 2017 டிசம்பரில் அறிமுகமாகி, விற்பனையில் மற்றக் கார்களை முந்தியது. அதற்காகத் தொழிற்சாலையை இரண்டு மடங்காக்கி, புதிதாக நூற்றுக்கணக்கான ஆட்களை எடுத்தார்கள்.

அந்த ஆட்களின் சங்கங்கள் 2023 டிசம்பரில் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டு ஷிப்டுக்காரர்களுக்கு ஒரு வாரம் 5 நாள் வேலை, மறு வாரம் 4 நாள். வருசத்தில் 22 நாள் குறைகிறது. இரவு ஷிப்டும் பார்ப்பவர்களுக்கு 31 நாள். சம்பளத்தில் ஒரு காசு வெட்டு இல்லை.