பனிமலையைக் காக்கும் விண்கண்: விக்கிரம் சாராபாய்

விண்வெளி அறிவியல் என்றவுடன் நிலவுப் பயணமே நம் நினைவிற்கு வரும். அவ்வறிவியலை உழவர்தம் வயலுக்கும் ஆற்று நீருக்கும் பயன்படச் செய்ய விழைந்த பெருமகனார் ஒருவர் ஜைனக் குடும்பத்தில் தோன்றினார் என்பது நாம் பெருமிதத்துடன் நினைக்கத்தக்கது. அவரே டாக்டர் விக்கிரம் சாராபாய்.

அகமதாபாத்தில் ஆலைத்தொழிலில் சிறந்து விளங்கிய அம்பாலால், சரளாதேவி இணையருக்கு 1919 ஆகஸ்டு 12ஆம் நாள் அவர் பிறந்தார். 1940இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். உலகப்போர் காரணமாகத் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் காஸ்மிக் கதிர் ஆய்வை மேற்கொண்டார். அவ்வாய்வின் பொருட்டு 1943இல் காஷ்மீரத்து இமயமலையின் உயரங்களுக்குச் சென்றார். பனிமலைமேல் நின்று விண்ணை நோக்கிய அவ்விளைஞர், பின்னாளில் விண்ணிலிருந்து அம்மலையை நோக்க வழிவகுப்பார் என அன்று யாரே அறிவார்!

1947இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், அவ்வாண்டே அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவினார். 1963 நவம்பர் 21இல் கேரளத்துத் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணேகியது. 1969இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாயிற்று.

வறிய நாட்டிற்கு இச்செலவு ஏன் என்று பலர் வினவினர். அவருக்கோ, ஏழை நாட்டிற்கே இவ்வறிவியல் முதற்கண் தேவை என்பதில் ஐயமில்லை. அவர்தம் ஊக்கத்தால் 1970இல் பேராசிரியர் பிஷாரோட்டி கேரளத்துத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் பதிவு செய்தார். கண்ணுக்குப் புலப்படாத வாடல் நோய் படத்தில் புலப்பட்டது. இந்தியத் தொலையுணர்வுக் கலையின் தொடக்கம் அதுவே.

1971 டிசம்பர் 30இல் கோவளத்தில் அவர் காலமானார். அகவை ஐம்பத்திரண்டே. மறு ஆண்டில், அவர் தொடங்கிய பிரிவுகளை ஒருங்கிணைத்து அகமதாபாத்தில் விண்வெளிப் பயன்பாட்டு மையம் அமைந்தது. இமயப் பனியை அளந்துவரும் நிலையங்களுள் அது முதன்மையானது.

பனியை விண்ணிலிருந்து அளப்பது எளிதன்று. மேகமும் வெண்மை, பனியும் வெண்மை. ஆயின் குற்றலை அகச்சிவப்புக் கதிரை மேகம் மிகுதியாகத் திருப்பியனுப்பும். பனியோ அதனை உட்கொண்டு கருமையாகத் தோன்றும். இவ்வேறுபாட்டைக் கொண்டே பனிப்பரப்பைப் பிரித்தறிகின்றனர். 2003இல் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-1 செயற்கைக்கோளின் அகன்ற காட்சிக் கருவி, ஒரே பார்வையில் 740 கிலோமீட்டர் அகலத்தைக் கண்டு, ஐந்து நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தை மீண்டும் நோக்கவல்லதாய் அமைந்தது. தென்னையின் நோயைக் காட்டிய அதே வழி, மலையின் நோயையும் காட்டலாயிற்று.

அந்நோய் கடுமையானது. காற்று வெப்பமுறுவதால் பனியாக விழவேண்டியது மழையாகின்றது. விழுந்த பனியும் விரைந்து உருகுகின்றது. வெண்பரப்பு குறையக் குறைய நிலம் மேலும் வெயிலை உண்கின்றது. 2024 நவம்பர் முதல் 2025 மார்ச் வரையிலான பருவத்தில், இந்துகுஷ் இமயப் பகுதியில் பனி தங்கும் அளவு வழக்கத்தைவிட 23.6 விழுக்காடு குறைந்ததாகச் செயற்கைக்கோள் பதிவுகள் தெரிவித்தன. அதுவரையான 23 ஆண்டுகளில் காணாத குறைவு இது. இமாசலத்தின் கேபாங் காத் பனியேரியோ, 1989இல் 36.49 ஹெக்டேராக இருந்தது, 2022இல் 101.30 ஹெக்டேராகப் பெருகியது. மலைமேல் உறைந்திருக்க வேண்டிய நீர் கரை உடைக்கும் வெள்ளமாகலாம். பின்னர் கோடையில் வயலுக்கு எட்டாமலும் போகலாம்.

சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆகியவற்றை நம்பி வாழும் கோடிக்கணக்கான உயிர்களின் வாழ்வு இதில் அடங்கியுள்ளது. காணும் கண்ணை நாட்டிற்கு அளித்துச் சென்றார் சாராபாய். கண்டதை உணர்ந்து, தேவைக்கு மிஞ்சிய நுகர்வைக் குறைத்து வாழ்வது நம் கடனாகும். அதுவே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி.