எவரெஸ்டின் இரு வழிகளையும் நடந்தறிந்த டென்சிங்

மாணவர்களே, எவரெஸ்ட் உச்சியை முதலில் அடைந்தவர் யார் என்று கேட்டால் ஹிலாரியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வோர் உங்களுட் பலர். அவருடன் ஒரே கயிற்றிற் பிணைந்து ஏறிய டென்சிங் நோர்கேக்கு அது ஏழாவது முயற்சி என்பதை அறிவீர்களா?

1914இல் பிறந்த டென்சிங் ஷெர்ப்பா இனத்தவர். நேபாளத்தின் கும்புப் பிரதேசத்தில் வளர்ந்தார். பல மொழிகள் பேசினாலும் எழுத வாசிக்கக் கற்கவில்லை. இளவயதிலேயே வேலை தேடி இந்தியாவின் டார்ஜிலிங் நகருக்குச் சென்றார்.

அக்காலத்தில் நேபாளம் வெளிநாட்டு மலையேறுநருக்குக் கதவடைத்திருந்தது. ஆகவே பிரித்தானியக் குழுக்கள் டார்ஜிலிங்கில் சுமைகாவிகளைச் சேர்த்து, திபெத்துக்குச் சென்று, வடக்குப் பக்கத்தால் ஏறின. தேசப்படத்தைப் பாருங்கள், மலையைச் சுற்றிக்கொண்டு போகும் வழி அது. 1935, 1936, 1938 ஆகிய ஆண்டுகளில் டென்சிங் இவ்வழியே சென்றார். 1938இல் 8,200 மீற்றருக்கு மேலே சுமை கொண்டுபோனார். 1947இல் அனுமதியின்றிச் சென்ற சிறு குழுவொன்றுடனும் முயன்று திரும்பினார்.

1950இன் பின் திபெத் வழி மூடப்பட, நேபாள வழி திறந்தது. அதுவும் இலகுவானதல்ல. முதலில் கும்புப் பனிவீழ்ச்சி. வீட்டளவு பனிக்கட்டிகள் எந்நேரமும் சரியக்கூடிய இடம். அதன்மேல் பனிப் பள்ளத்தாக்கு, செங்குத்தான லோட்சே முகப்பு, ஏறத்தாழ 7,900 மீற்றர் உயரத்தில் தென் கணவாய், பின்னர் தென்கிழக்கு மலைமுகடு.

1952 வசந்த காலத்தில் சுவிற்சர்லாந்துக் குழுவின் லம்பேருடன் இவ்வழியே சென்றார். 8,400 மீற்றரளவில், படுக்கைப் பையோ அடுப்போ இன்றி இருவரும் ஓர் இரவைக் கழித்தனர். குடிநீருக்காக மெழுகுவர்த்திச் சுவாலையிற் பனிக்கட்டியை உருக்கினர். மறுநாள், உச்சிக்குச் சுமார் 250 மீற்றர் இருக்கையில் திரும்பினர். உயிர் தப்பியதற்குக் காரணம் அந்த முடிவே எனலாம். அவ்வாண்டு இலையுதிர் காலத்திலும் சென்றார். கடுங்குளிரும் காற்றும் தடுத்தன.

இவ்வாறு வழியை அறிந்தவரை 1953இல் ஜோன் ஹன்டின் பிரித்தானியக் குழு சேர்த்துக்கொண்டதில் வியப்பில்லை. பனிவீழ்ச்சியில் ஹிலாரி வெடிப்பொன்றினுள் விழுந்தபோது கயிற்றை இறுக்கிப் பிடித்துக் காத்தவர் டென்சிங்கே. மே 29, மு.ப. 11.30 மணிக்கு இருவரும் உச்சியில் நின்றனர். தங்கியது 15 நிமிடம் மட்டுமே. தெய்வங்களுக்கென இனிப்புகளைப் பனியிற் புதைத்தார் டென்சிங்.

முதலில் கால் வைத்தவர் யார் என்ற சர்ச்சை பின்னர் பெரிதாயிற்று. ஹிலாரியே சில அடிகள் முன்னால் இருந்தார் என்று 1955இல் வெளியான தம் சுயசரிதையில் டென்சிங் கூறிவிட்டார். ஹன்டும் ஹிலாரியும் சேர் பட்டம் பெற்றனர்; டென்சிங்குக்குக் கிடைத்தது ஜோர்ஜ் பதக்கம். இவ்வேறுபாடு இன்றும் பேசப்படுகின்றது.

1954இல் டார்ஜிலிங்கில் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனத்தில் களப் பயிற்சிக்குப் பொறுப்பாயிருந்து பலரைப் பயிற்றினார். 1986 மே 9இல் அந்நகரிலேயே காலமானார். நேபாளப் பக்கத்தால் ஏறுவோரிற் பெரும்பாலோர் இன்றும் செல்வது தென் கணவாய் வழியேதான்.